மாத்திரைக்கும் வழக்கு உண்டு!

(தென்னேரியில், படிப்பகத்தின் முன்பு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறு மணிக் கூட்டம் ஏழரை மணிக்குத் தொடங்குகிறது, பொறுத்தருள்க. அரைமணி நேரத்தை வாலாஜாபாத்தில் கல் ஏற்றி நின்ற லாரிகளின் வரிசை விழுங்கிற்று. மீதி ஒரு மணி நேரத்தை இவ்வூர்த் தாய் ஒருவர் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்திற்காக நான் வருந்தவில்லை. நான் பேச எண்ணி வந்த பொருள் வேறு. இப்போது பேசப் போகும் பொருள் அந்தத் தாய் எனக்குத் தந்தது.

தறி வீடு அது. ஆனால், குழித்தறி இருந்த இடத்திலே குழியை மூடிப் பலகை போட்டிருக்கிறார்கள். பலகையின் மீது அரிசி மூட்டை. “உட்காருங்க ஐயா” என்றார். உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். பிறகு, தாழ்ந்த குரலிலே, அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டார்:

“ஐயா, என் புள்ள குடிக்க மாட்டான். சத்தியமா தொட்டதில்ல. ராத்திரி கம்பெனி வண்டி ஓட்டணுமேன்னு மாத்திரைதான் போடுறான். போலீசு ஊதச் சொன்னா ஊதிட்டு வந்துடுறான். அந்த மிசின்ல ஒண்ணும் வராதாம். அப்ப பயமில்லதானே?”

தோழர்களே! ‘ஆமாம் அம்மா, பயமில்லை’ என்று கூறிவிட்டு மேடைக்கு வந்திருக்கலாம். கூற நா எழவில்லை. ‘ஒண்ணும் வராதாம்’ என்று அந்தப் பிள்ளை தாயிடம் கூறியிருக்கிறானே, அது பொய் அன்று. பாதி மெய். கருவியிலே ஒன்றும் வராது என்பது மெய். ஆகவே சட்டத்திலும் ஒன்றும் வராது என்று அவன் எண்ணுகிறானே, அங்கேதான் அவன் பள்ளத்தில் கால் வைக்கிறான். அவனுடன் வண்டியில் அமர்ந்து உறங்கும் பன்னிரண்டு பேரும் அதே பள்ளத்திற்குள் போகிறார்கள்.

திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கிப் பின்னர் தென்னேரி ஆயிற்று என அறிஞர் கூறும் ஊர் இது. ஏரி நீரால் நெல்லும், காஞ்சியின் தொடர்பால் பட்டும் விளைந்த ஊர். இன்று என்ன நிலை? தந்தை தறியில் இருக்கிறார். மகன் ஸ்டியரிங்கில் இருக்கிறான். கிழக்கே ஒரகடம், வடக்கே சுங்குவார்சத்திரம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர். தொழிற்சாலைகள் எழுந்தன, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் எழுந்தன, வேன்களுக்கு ஓட்டுநர்கள் நம் ஊர்களிலிருந்து போனார்கள். நல்லதுதான். தறிக்குழியிலே தவமிருந்து முதுகு கூனியதைக் காட்டிலும் மாதச் சம்பளம் மேல் என்று அந்த இளைஞன் எண்ணியதைக் குறை கூற நான் யார்? ஆனால், தறியிலே தூங்கினால் இழை அறும். அறுந்ததை முடிந்து கொள்ளலாம். சாலையிலே தூங்கினால்?

சரி, சட்டம் என்ன கூறுகிறது? வழக்கறிஞர்கள் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள், தவறினால் திருத்தட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் என்று வெள்ளையன் காலத்திலே, 1939ஆம் ஆண்டில், ஒன்று இயற்றினார்கள். அதிலேயே மதுவையும் மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார்கள். இரண்டில் எதனால் மயங்கினாலும், வண்டியைக் கட்டுக்குள் வைக்க இயலாத அளவு மயங்கியவன் குற்றவாளி என்றார்கள். ஆக, ‘போதை மாத்திரைக்குப் புதிதாகச் சட்டம் போட்டுவிட்டார்கள்’ என்று எவரும் முறையிட வழியில்லை. பாட்டன் காலத்துச் சட்டம் இது.

பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது அதுதான். அதன் 185ஆம் பிரிவை மட்டும் நீங்கள் மனப்பாடம் செய்தால் போதும். அப்பிரிவு இரண்டு கிளையாகப் பிரிகிறது. முதற்கிளை மது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். தள்ளாடினாயா, தள்ளாடவில்லையா என்ற கேள்வியே இல்லை. எண் பேசும், அவ்வளவுதான். இரண்டாம் கிளை போதை மருந்து. அங்கே எண் இல்லை! ‘வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மருந்தின் வயப்பட்டிருத்தல்’ என்று சொல் மட்டும் இருக்கிறது.

மதுவுக்கு எண் உண்டு, கருவி உண்டு. மருந்துக்கு எண் இல்லை, அந்தக் கருவியும் பயன்படாது. இந்த இடைவெளியைத்தான் தென்னேரி இளைஞன் கண்டுபிடித்திருக்கிறான். எந்தச் சட்டக் கல்லூரியிலும் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறான்! கண்டுபிடித்துவிட்டு, அதன் வழியே தப்பலாம் என்று கருதுகிறான்.

தப்ப முடியாது என்பதற்கு முதற் காரணம், மருந்து என்ற சொல்லுக்குச் சட்டம் தந்திருக்கும் பொருள். 2019இல் திருத்தியபோது, மது நீங்கலான போதைப் பொருள்களையும், 1985ஆம் ஆண்டுப் போதை மருந்துத் தடுப்புச் சட்டம் குறிக்கும் பொருள்களையும் அதற்குள் அடக்கிவிட்டார்கள். கஞ்சாவும் அபினும் மட்டுமா அதில் உண்டு? தூக்கத்திற்கும் பதற்றத்திற்கும் மருத்துவர் எழுதும் டயசிபாம், அல்பிரசோலாம் உண்டு. விழித்திருக்கச் செய்யும் ஆம்பெட்டமின் வகை உண்டு. வலிக்குத் தரும் டிரமடால் 2018 முதல் உண்டு. ‘மருந்துக் கடையிலே வாங்கியது, மருத்துவர் எழுதித் தந்தது’ என்று சீட்டைக் காட்டலாம். சீட்டு, அந்த மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருந்த குற்றத்திலிருந்து காப்பாற்றும். அதைத் தின்றுவிட்டு, கட்டுப்பாடு இழந்து வண்டி ஓட்டிய குற்றத்திலிருந்து காப்பாற்றாது.

சளி மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார் அந்தத் தோழர். நியாயமான கேள்வி. நானே ஒருமுறை சளி மாத்திரை போட்டுக்கொண்டு மேடையேறி, தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிட்டேன். மாத்திரையின் மேல் பழி போட்டேன், தலைவரும் நம்பினார். அத்தகைய மாத்திரை போதைப் பட்டியலில் இல்லாதிருக்கலாம். ஆனால், அட்டையிலே ‘தூக்கம் வரும், வண்டி ஓட்டாதே’ என்று அச்சிட்டிருக்க, அதைத் தின்று ஓட்டி ஒருவர் மீது ஏற்றினால், கவனக்குறைவு என்னும் குற்றம் அங்கே காத்திருக்கிறது.

இப்போது ஓர் இரவைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், ஓர் இளைஞன். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றினான், நண்பகலில் ஒரு நடை, மாலையில் இறக்கினான், ‘மாற்று ஆள் வரவில்லை, நீயே போ’ என்று கூறிவிட்டதால் இரவு ஷிப்டுக்கும் போகிறான். மாத்திரை போட்டிருக்கிறான். இரவு இரண்டு மணி. ஒரகடத்திற்கு இப்பால், சாலை நடுவிலுள்ள தடுப்பிலே வண்டி உரசி நிற்கிறது. எவருக்கும் காயமில்லை. காவலர் வருகிறார். ஊதச் சொல்கிறார். ஊதுகிறான். எண் பூச்சியம்! அவன் முகத்திலே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நிலைக்கும்? காவலர் கண் முன்னே 185ஆம் பிரிவுக் குற்றம் நடந்தால், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம் என்கிறது 202ஆம் பிரிவு. கைது செய்த இரண்டு மணி நேரத்திற்குள், பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். சோதிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இரண்டு மணி நேரம்! இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பிறகு நம்மவர்களைப் பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

மருத்துவர் என்ன பார்ப்பார்? கண்மணி விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா, நேர்கோட்டிலே நடக்கிறானா, மூக்கு நுனியை விரலால் தொடுகிறானா, கேட்டதற்கு ஒழுங்காக விடை கூறுகிறானா. பிறகு இரத்தமும் சிறுநீரும் எடுத்து முத்திரையிட்டுத் தடயவியல் ஆய்வகத்திற்கு அனுப்புவார்கள். ‘தர மாட்டேன், என் உடம்பு, என் இரத்தம்’ என்று மறுத்தால்? தக்க காரணமின்றி மறுத்ததையே அவனுக்கு எதிரான சான்றுக்குத் துணையாகக் கொள்ளலாம் என்று 205ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. வாய் மூடிக்கொண்டதும் பேச்சாகிவிடும்.

அங்கேயே பணத்தைக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. தலைக்கவசம் இல்லாததற்கு அப்படிக் கட்டலாம். 185ஆம் பிரிவு, இடத்திலேயே இசைந்து தீர்க்கும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும். எனவே, ‘பத்தாயிரம் கொடு, இங்கேயே முடித்துவிடுகிறேன்’ என்று எவர் கேட்டாலும், அது அரசுக் கருவூலத்திற்குப் போகும் பணம் அன்று என்பதை அறிக.

நீதிமன்றத்திலே என்ன? முதன்முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் அகப்பட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பருக்கு முன்பு இத்தொகை 2,000 என்றும் 3,000 என்றும் இருந்தது. பழைய கணக்கை நினைத்துக்கொண்டு நீதிமன்றம் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

பத்தாயிரத்தைப் புரட்டிவிடலாம். ஆனால், ஓட்டுநரின் உயிர் அவன் உரிமத்தில் இருக்கிறது. காவலர் அதைக் கைப்பற்றி, தகுதி நீக்கத்திற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டும் என்று 206ஆம் பிரிவிலே சேர்த்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, மது அல்லது போதை மருந்தின் வயப்பட்டு ஓட்டியவரின் உரிமத்தை மூன்று மாதத்திற்குக் குறையாமல் நிறுத்தி வைக்கும்படி 2015லேயே மாநிலங்களுக்குக் கூறிற்று. போதைக்கு அடிமையாகவே ஆனவன் என்று கண்டால், 19ஆம் பிரிவின்படி உரிமத்தையே நீக்கலாம். தறியை விற்று, அந்தப் பணத்திலே ஓட்டக் கற்றவனுக்கு மூன்று மாதம் உரிமம் இல்லையென்றால் வீட்டிலே அடுப்பு எப்படி எரியும்?

அத்துடன் நின்றதா? வண்டியின் முன்பெட்டியைத் திறக்கிறார்கள். காகிதத்திலே சுருட்டிய கஞ்சாப் பொட்டலம் இருக்கிறது. ‘என்னுடையது அன்று, நண்பன் வைத்தது’ என்பான். அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளே நுழைகிறது. உட்கொண்டதற்கு மட்டும், பொருளின் வகைக்கேற்ப ஆறு மாதம் அல்லது ஓராண்டு வரை. ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா கையில் இருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாது. இருபதாண்டு வரை நீளும். ‘ஒரு பார்சல்தான் அண்ணே, வாலாஜாபாத்தில் கொடுத்துவிடு, ஐந்நூறு ரூபாய் தருகிறேன்’ என்று நள்ளிரவிலே வருகிற நண்பனை ஓட்டுநர்கள் நன்கு அறிவார்கள். பொருள் ஏற்றிய வண்டியும் பறிமுதலாகும். தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் வேண்டிய காவலெல்லாம் செய்திருந்தேன் என்று உரிமையாளர் மெய்ப்பித்தால்தான் வண்டி திரும்பும்.

இதுவரை நான் சொன்னது எவருக்கும் காயமில்லாத இரவு. தடுப்பில் உரசியதற்குப் பதில், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவர் மீது மோதியிருந்தால்?

2006 நவம்பரில், மும்பை கார்ட்டர் சாலையில், நடைபாதையிலே உறங்கிக் கிடந்த கூலித் தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியது. ஏழு பேர் மாண்டனர். எட்டுப் பேர் காயமுற்றனர். ஓட்டியவன் மது அருந்தியிருந்தான். கீழ் நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு என்றே கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ‘குடித்துவிட்டு, ஆட்கள் உறங்கும் இடம் என்று அறிந்தும், அவ்வேகத்தில் ஓட்டுகிறவனுக்கு உயிர் போகும் என்பது தெரியாதா?’ என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. கொலை ஆகாத ஆள் கொல்லி என்ற குற்றத்தின் கீழ் மூன்றாண்டு சிறை விதித்தது. 2012 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 1999இல் தில்லியில் ஆறு பேர் உயிரைக் குடித்த கார் வழக்கிலும் அதே குற்றப்பிரிவே பொருந்தும் என்றது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் வழக்குகள் இவை; தண்டனை போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்கும் அக்கேள்வி உண்டு. நான் இங்கே காட்ட விரும்புவது வேறு. கவனக்குறைவுக்கும், அறிந்தே செய்ததற்கும் நடுவிலுள்ள சுவரை அந்தத் தீர்ப்புகள் இடித்துப் போட்டன. அவை மது வழக்குகள்தாம். எனினும், ‘தூக்கம் கெடுக்கும் மாத்திரை இது, தலை சுற்றும், தெரிந்தே விழுங்கினேன்’ என்பவனுக்கு அந்த வாதம் பொருந்தாமல் போகுமா? 2024 சூலை முதல் நடப்பிலுள்ள நியாயச் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் விளைத்தால் ஐந்தாண்டு வரை சிறை. முன்பு இரண்டாண்டாக இருந்தது. அறிந்தே விளைத்த மரணம் என்றால் பத்தாண்டு வரை. இடையிலே ஐந்தாண்டு வேறுபாடு. அந்த ஐந்தாண்டைத் தீர்மானிப்பது, அன்றிரவு எடுத்த இரத்தம்.

அந்த இரத்தத்தின் விலை எவ்வளவு என்பதை 2024 மே மாதம் புனே நகரம் காட்டிற்று. பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் கார் மோதி, இளம் பொறியாளர் இருவர் இறந்தனர். சிறுவனுக்கு, விபத்தைப் பற்றி முந்நூறு சொல்லில் கட்டுரை எழுதும்படி நிபந்தனை விதித்துப் பிணை தந்தார்கள், நாடே கொதித்தது. பின்னர், சிறுவனின் இரத்த மாதிரியை மாற்றிவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, மருத்துவர்களே கைதானார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், கோடீசுவரர்கள் வீட்டிலே முதலில் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சாட்சியைப் பற்றியா? இல்லை. ஒரு சிறு குப்பி இரத்தத்தைப் பற்றி!

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இன்ஷூரன்சு இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள்’ என்பது வழக்கமாக வரும் ஆறுதல். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள்: மது அல்லது போதை மருந்தின் வயப்பட்டு ஓட்டியபோது நேர்ந்த சேதத்திற்குப் பொறுப்பில்லை என்றிருக்கும். 2007இல் தில்லியில் நொறுங்கிய ஒரு விலையுயர்ந்த காருக்குப் பணம் தர மறுத்த நிறுவனத்தின் பக்கமே, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நின்றது. மூச்சுச் சோதனைச் சீட்டு இல்லையே என்ற வாதமும் எடுபடவில்லை. சூழ்நிலைகள் போதையைக் காட்டினால் போதும் என்றது. அடிபட்ட வெளியாரின் இழப்பீட்டு வழக்கிலும் நிறுவனம் இதை எதிர்வாதமாக எழுப்பலாம் என்று திருத்தச் சட்டம் இடம் தந்துவிட்டது; அது 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ‘முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வாங்கிக்கொள்’ என்று நீதிமன்றங்கள் கூறுவதுண்டு. வாங்கிக்கொள் என்றால் யாரிடம்? கடன் வாங்கி ஒற்றை வேன் வைத்திருக்கும் நம் ஊர்க்காரனிடம். அவன் வீட்டுப் பத்திரத்திடம்.

உரிமையாளர் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. கோர்வை போட்ட பட்டுச் சேலை நெய்ய ஒரு கை போதாது என்பது இங்குள்ளோர்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரைக்கு மறுபக்கம் நாடா எறிய ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த நள்ளிரவுக் குற்றத்திலும் மறுபக்கம் நாடா எறிந்தவர் ஒருவர் இருக்கிறாரா இல்லையா? பதினாறு மணி நேரம் ஓட்டச் சொன்னவர். ‘தூக்கம் வந்தால் ஏதாவது போட்டுக்கொள்’ என்றவர். ‘முடியாது என்றால் சாவியை வைத்துவிட்டுப் போ’ என்றவர். அவர் எங்கே? குற்றக் கூண்டிலே அவரைக் காணோமே!

காணாததற்குச் சட்டம் காரணமன்று. 188ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 185ஆம் பிரிவுக் குற்றத்திற்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது. ஓட்டுநரின் வேலை நேரத்தைப் பற்றி 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று கோடு கிழித்தது. நெடுந்தொலைவு ஓட்டம் போன்றவற்றிற்கு மட்டும் 10 மணி, 54 மணி என்று தளர்த்தியது. அச்சட்டம் இன்று தனியாக இல்லை. 2020இல் இயற்றிய தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலே கரைந்துவிட்டது. எட்டு மணி என்ற எண் கரையவில்லை. அப்படியிருந்தும், காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையிலே ஓட்டுநரின் பெயர் இருக்கும்; அவன் அன்று எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்ற வரி இருக்காது. அந்த வரியை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாம். நடைக் குறிப்பேடு இருக்கிறது. தொழிற்சாலை வாயிலிலே வண்டி நுழைந்த நேரம், வெளிவந்த நேரம் பதிவாகிறது. கேட்டால் கிடைக்கும். மாத்திரை விழுங்கினால் மட்டும் உடந்தை மெய்ப்பிக்கப்பட்டுவிடாது. உரிமையாளர் அறிந்து தூண்டினார் என்று காட்ட வேண்டும். எளிதன்று, ஆனால், கேட்காமலே இருந்தால் என்றும் நடவாது.

இனி, நம்மைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பையன் அகப்பட்டான் என்றதும் என்ன நடக்கிறது? தாய் அழுதுகொண்டு வருகிறார், ‘அண்ணே, நீங்க சொன்னா கேப்பாங்க’ என்று. நாம் என்ன செய்கிறோம்? சலவை வேட்டியை எடுத்துக் கட்டுகிறோம், இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம், காவல் நிலையம் போகிறோம். ஆய்வாளருடன் பேசுகிறோம், தேநீர் வருகிறது, குடிக்கிறோம். பேச்சிலே இரண்டு மணி நேரம் கழிகிறது. மருத்துவரிடம் காட்டவில்லை, காட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும், விட்டுவிடுகிறார்கள். தாய் நம் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார். நமக்கோ மகிழ்ச்சி. ஊருக்கு நல்லது செய்துவிட்டோம்!

தோழர்களே, நாம் என்ன செய்துவிட்டோம்? அந்தப் பையனுக்கு, ‘மாத்திரை போடலாம், ஊதினால் வராது, வந்தாலும் அண்ணன் இருக்கிறார்’ என்று பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த இரவு அதே வேனில் ஏறப் போகிறவர்கள் யார்? பெரிய முதலாளியின் மகளா? நம் பக்கத்துத் தெருப் பெண்கள். தொழிற்சாலையிலே மின்கம்பி முடிகிற பெண்கள். அலுப்பிலே சன்னல் கம்பியில் தலை சாய்த்து உறங்கி வருகிற பெண்கள். அவர்களுக்காக எவரும் காவல் நிலையம் போகவில்லை.

‘அப்படியானால் போகவே கூடாதா?’ போங்கள்! ஆனால், போய்க் கேட்க வேண்டியது வேறு. ‘இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் காட்டுங்கள், இரத்தம் எடுங்கள், முத்திரையிட்டதைப் பையனுக்குக் காட்டுங்கள், எடுத்த நேரத்தை எழுதுங்கள்’ என்று கேளுங்கள். இது காவல்துறைக்குச் செய்யும் தொண்டன்று. ஏழைக்குச் செய்யும் தொண்டு. எப்படி? மருந்துக்கு எண் இல்லை என்றேனே, அந்த எண்ணில்லாமை இருபுறமும் வெட்டும் கத்தி. குற்றவாளி அதன் வழியே நழுவலாம். குற்றமற்றவன் அதிலே மாட்டலாம். இருபது மணி நேரம் உறங்காதவனின் கண் சிவந்திருக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை குறைந்தால் நடை தள்ளாடும், நாக்குக் குழறும். தலையில் அடிபட்டவனுக்கும் அப்படியே. காவலர் பார்வைக்கு எல்லாம் கஞ்சாதான்! 1971இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கிலே, வாயில் மது வாடையும் தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் விரிந்த கண்மணியும் மட்டும் போதை என்று முடிவு கட்டப் போதா, இரத்தமோ சிறுநீரோ சோதித்திருக்க வேண்டும் என்று கூறிற்று. சோதனை, தவறு செய்தவனுக்கு வலை, செய்யாதவனுக்குக் கேடயம்.

சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. கஞ்சாவின் தடயம் சிறுநீரிலே நாள் கணக்கிலும், பழகியவர்க்கு வாரக் கணக்கிலும் நிற்கும். போன வாரம் புகைத்தவன் இன்று தெளிவாக ஓட்டினாலும் சிறுநீர் அவனைக் காட்டிக் கொடுக்கும். உட்கொண்டான் என்பதற்கு அது சான்று. ஓட்டும்போது மயங்கியிருந்தான் என்பதற்கு அது மட்டுமே சான்றாகாது. ஆகவேதான் மருத்துவர் நேரில் பார்த்து எழுதும் குறிப்பு உயிர்நாடி.

மருந்துக்கும் எண் வைத்தால் என்ன? வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015 மார்ச்சு முதல், குறித்த மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் இரத்தத்தில் இவ்வளவு என்று வரம்பு கட்டினார்கள்; மருத்துவர் சொன்னபடி உட்கொண்டு, தடுமாற்றமின்றி ஓட்டியவர்க்கு எதிர்வாதத்திற்கு இடமும் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004லேயே சாலையோரத்தில் உமிழ்நீர் சோதிக்கத் தொடங்கிற்று. அவ்வளவு தொலைவு ஏன்? 2022இல் கேரளக் காவல்துறை உமிழ்நீர் சோதிக்கும் வண்டியைச் சாலைக்குக் கொண்டு வந்தது. இங்கும் பரவலாக வரட்டும் என்பதே என் கருத்து. எண் வந்தால் காவலரின் விருப்பு வெறுப்புக் குறையும். நம் பரிந்துரைக்கும் வேலை குறையும். ஆனால், ‘அண்ணே, ஊதினால் வராது’ என்று இன்று கூறுகிறவன், அன்று வேறொரு சந்து தேடுவான். எட்டு மணி நேரத்தை நாம் கேட்டுப் பெறாதவரை அவன் தேடிக்கொண்டேதான் இருப்பான்.

நேரமாகிறது. அந்தத் தாய்க்கு என்ன விடை கூறினேன் என்று கேட்கிறீர்கள் அல்லவா?

“பயம் உண்டு அம்மா” என்றேன். “மாத்திரைக்கும் வழக்கு உண்டு” என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு இதையும் கூறினேன்: போதை மருந்துச் சட்டத்திலேயே 64அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்திற்கு அடிமையானவன், உட்கொண்ட குற்றத்திற்கோ சிற்றளவு வைத்திருந்த குற்றத்திற்கோ ஆளானாலும், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்காக அவன் மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தக் காப்பும் போய்விடும். வண்டி ஓட்டிய குற்றத்தை அது துடைக்காது. ஆனால், இன்னும் எந்தக் குற்றமும் அவன் மீது எழுதப்படவில்லையே! 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். எங்கே போவது என்று சொல்வார்கள். காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை பேருந்தேறிப் போகும் தொலைவுதான்.

“கூட்டிட்டுப் போறேன் ஐயா. ஆனா ஒரு நாள் லீவு போட்டா அடுத்த நாள் வேற ஆளைப் போட்டுடுவாங்களே” என்றார்.

அதற்கு நான் விடை கூறவில்லை. நீங்கள் கூற வேண்டும். படிப்பகத் தோழர்கள் இருவர் நாளைக் காலை அந்த வீட்டுக்குப் போகட்டும். ஒருவர் பையனுடன் மருத்துவமனைக்கு, மற்றவர் வேன் உரிமையாளரிடம். பையன் இப்போது ஒரகடம் சாலையில் இருக்கிறான். வண்டி ஏழு மணிக்குத் திரும்புமாம்.